புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருவோரும் நமது பஞ்சாயத்துக்களும்

(புதுச்சேரியை அடுத்துள்ள கிராமங்களின் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம அபிவிருத்தி என்றவுடன் ஏரி, கிணறு, விதை, உரம், பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம் ஆகியவையே நமது நினைவுக்கு வருகின்றன. இவை அனைத்தும் ஊருக்குள் இருப்பவை. ஆனால், புதுச்சேரி நகரைச் சுற்றியுள்ள நமது கிராமங்களில் நாள்தோறும் பொழுது விடிந்ததும் நடைபெறும் பெரிய காரியம் ஊரைவிட்டு வெளியே போவதுதான். கொத்தனார் கரண்டியும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்; பால்காரர் கேன்களைக் கட்டுகிறார்; பூ விற்கும் அம்மாள் கூடையைத் தூக்குகிறார்; மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளரும், கடைச் சிப்பந்தியும், தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்ணும், அலுவலக எழுத்தரும் சாலையை நோக்கி நடக்கின்றனர். மாலையில் அனைவரும் திரும்பி வருகின்றனர். இந்தப் போக்குவரத்து நமது பஞ்சாயத்துக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் இடம் பெறுவது அரிது. அது ஏன் இடம்பெற வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இந்த உரையின் நோக்கம்.

எல்லைகள் பின்னிக் கிடக்கும் நிலம்

புதுச்சேரிப் பகுதி ஒரே பரப்பாக அமைந்தது அன்று. பிரெஞ்சுக்காரர்கள் பல காலங்களில் பெற்ற ஊர்கள் துண்டு துண்டாகக் கிடக்க, அவற்றுக்கிடையே தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கிராமங்கள் புகுந்து நிற்கின்றன. வளவனூரில் பஸ் ஏறி நகருக்குச் செல்பவர் மதகடிப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைகிறார். திருபுவனையைக் கடந்து கண்டமங்கலத்தில் மீண்டும் தமிழ்நாட்டுக்கு வருகிறார். அரியூரிலும் வில்லியனூரிலும் மறுபடி புதுச்சேரிக்குள் இருக்கிறார். வடக்கே, நகரிலிருந்து காலாப்பட்டுப் பல்கலைக் கழகத்துக்கு வேலைக்குப் போகிறவர் இடையிலே தமிழ்நாட்டைச் சேர்ந்த கோட்டக்குப்பத்தைக் கடந்தே ஆக வேண்டும்.

1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்திய அரசாங்கத்திடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் அந்த மாற்றம் சட்டப்படி முழுமை பெற்றது. அதற்கு முன்னர் இந்த எல்லைகளில் சுங்கச் சாவடிகள் இருந்தன. ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவதும் விசாரணைக்கு உரிய காரியமாக இருந்தது. அந்தச் சாவடிகள் போய்விட்டன. ஆனால் இரண்டு நிர்வாகங்கள் இருப்பதால் நேரும் இடையூறுகள் முற்றிலும் போய்விடவில்லை. எல்லையைக் கடந்து ஓடும் பஸ்ஸுக்கு, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இரு பக்கத்து அனுமதியும் வேண்டும். ஓர் ஊருக்குப் பஸ் வராமல் போனால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பதே பலருக்குத் தெளிவாக இல்லை.

ஆலைச் சங்கின் காலம்

வேலைக்காக நகருக்குப் போய்வரும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியில் பஞ்சாலைகள் எழுந்தன. சவானா ஆலை, ரோடியர் ஆலை, கெப்ளே ஆலை என்ற மூன்றும் நகரின் தெற்கு, மேற்குப் பகுதிகளில் நின்றன. முதலாவது பின்னர் சுதேசி ஆலை என்றும், மூன்றாவது பாரதி ஆலை என்றும் பெயர் பெற்றன. ரோடியர் ஆலையே ஏ.எப்.டி. என வழங்கியது. ஆலைச் சங்கு ஊதும் நேரத்தை ஒட்டியே சுற்றுவட்டாரக் கிராமங்களில் அடுப்பு மூட்டப்பட்டது. தொழிலாளர்கள் வரப்பு வழியாகவும் வண்டிப் பாதை வழியாகவும் நடந்து வந்தார்கள்; பிற்காலத்தில் சைக்கிளில் வந்தார்கள். 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் நிலையங்கள் அந்தப் பாதையில் உள்ளன. நகருக்குள்ளே வசதி படைத்தோர் ‘புஷ்புஷ்’ என்னும் வண்டியில் சென்றனர். பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ள, உள்ளே அமர்ந்தவரே முன்சக்கரத்தைத் திருப்பி வழி செலுத்தும் வண்டி அது. தள்ளியவர்களும் நம்மைப் போன்ற கிராமத்து ஏழைகளே.

அந்த ஆலைகளில் வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்று தோழர் வ. சுப்பையா முதலானோரின் தலைமையில் தொழிலாளர் போராடினர். 1936 ஜூலை 30-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர் உயிர் இழந்தனர். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலை என்பது புதுச்சேரியில் சட்டமாயிற்று. இந்த எட்டு மணி நேரத்தை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; சற்று நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

இன்று அந்த மூன்று ஆலைகளும் இயங்கவில்லை. ஏ.எப்.டி. ஆலை 2020 ஏப்ரல் இறுதியில் மூடப்பட்டது. ஒரே சங்கொலிக்கு ஒரே திசையில் பலர் கூடிச் சென்ற காலம் முடிந்தது. இப்பொழுது வேலை பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை. கடற்கரை ஓரத்தில் அரசு அலுவலகங்கள். நேரு வீதியில் கடைகள். எங்கெங்கும் கட்டட வேலைகள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு திசை, வேறு வேறு நேரம். ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு வண்டியைத் தேட வேண்டியதாயிற்று.

யார் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள்?

2011-ஆம் ஆண்டின் குடிமதிப்புக் கணக்கின்படி புதுச்சேரி நகராட்சியில் 2 இலட்சத்து 44 ஆயிரம் பேரும், அதை ஒட்டிய உழவர்கரை நகராட்சியில் 3 இலட்சம் பேரும் வசித்தனர். அவ்வளவு மக்களுக்கும் பால், காய்கறி, மீன், பூ, வைக்கோல், செங்கல், உழைப்பு ஆகியவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களே நாள்தோறும் சுமந்து சென்று கொடுக்கின்றன.

அதே குடிமதிப்பில் மற்றொரு விவரமும் நாடெங்கும் கேட்கப்பட்டது. ‘வேலை செய்யும் இடம் உமது வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? எதில் போகிறீர்?’ என்பதே அது. நடை, சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார், ஆட்டோ, பஸ், ரயில், படகு எனத் தனித்தனியே பதிந்தார்கள். சுமார் 20 கோடிப் பேரிடம் பெற்ற அந்த விடைகளில், நடந்து போகிறவர்களே ஏறத்தாழ நாலரைக் கோடி. சைக்கிளில் போகிறவர்கள் இரண்டரைக் கோடிக்கு மேல். மோட்டார் சைக்கிள் முதலியவற்றில் போகிறவர்களும் ஏறக்குறைய அதே அளவு. பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு கோடிக்கு மேல். காரில் போகிறவர்கள் மிகச் சிலரே. நாட்டின் உழைப்பாளி பெரும்பாலும் தன் காலை நம்பியே வேலைக்குப் போனான் என்பது இதனால் விளங்கும். நமது சாலைகளை யாருக்காக அமைக்கிறோம் என்று எண்ணும்போது இந்தக் கணக்கை மறக்கலாகாது.

ஆனால், விவசாயப் பெருமக்களே, இந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்படவில்லை. பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகியோர் நீங்கலாக மற்றத் தொழிலாளரிடமே அதைக் கேட்டனர். உழவன் வீட்டுக்கு அருகிலேயே உழைப்பவன் என்று கருதினார்கள் போலும்! நாற்று நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் நமது பெண்கள் சிறு சரக்கு வண்டிகளில் நெருக்கியடித்து நின்றுகொண்டு பத்துக் கல் தொலைவு போய்வருவதை நாம் அறிவோம். சந்தைக்குக் காய் கொண்டுபோகும் சிறு விவசாயி விடியுமுன் எழுந்து, கோபர்ட் மார்க்கெட்டை அடைந்து, விற்ற பின்பு அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நிற்பதையும் அறிவோம். இந்தப் பயணங்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏட்டில் ஏறாத தேவைக்குத் திட்டமும் பணமும் வருவதில்லை. ஆகவே நமது ஏட்டில் நாமே அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

சுயமாகத் தொழில் செய்வோரின் துன்பம் தனி. சம்பளக்காரர் கைப்பையுடன் பஸ் ஏறுகிறார். வீராம்பட்டினத்து மீன்காரப் பெண் கூடையுடன் ஏற வேண்டும். கூடையில் மணம் உண்டு, ஈரம் உண்டு என்று சொல்லி அவரை இறக்கிவிடும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நாடறியப் பேசப்பட்டு, சம்பந்தப்பட்ட ஊழியர்கள்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. கூடைதான் அவருடைய கடை; கூடையை இறக்கினால் கடையை மூடியதாகும்.

நேரத்தின் விலையும் பணத்தின் கணக்கும்

இனி அந்த எட்டு மணி நேரத்துக்கு வருவோம். நமது ஊரிலிருந்து ஒருவர் நகருக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்துக்கொள்வோம். காத்து நிற்கும் நேரமும் இதில் அடங்கும். மாதம் 25 நாள் வேலை என்றால் 50 மணி. ஆண்டுக்கு 600 மணி. எட்டு மணி ஒரு நாள் வேலை என்று வகுத்தால் 75 நாள்! அதாவது ஆண்டுக்கு 75 வேலை நாட்களை நமது மனிதர் சாலைக்குத் தானமாகக் கொடுக்கிறார். உயிர் கொடுத்து வாங்கிய எட்டு மணி நேரம் சாலையினால் பத்து மணி நேரமாகிவிடுகிறது. பஸ் நேரத்தைச் சீர்செய்து நாளொன்றுக்கு அரை மணி மிச்சப்படுத்தினாலும் ஆண்டுக்கு 150 மணி நேரம் குடும்பத்துக்குத் திரும்பும். குழந்தையின் பாடத்தைக் கேட்கவும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும், சற்று உறங்கவும் அது உதவும்.

பணக் கணக்கையும் பார்ப்போம். இருபது கிலோ மீட்டர் தொலைவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வருபவருக்கு நாள்தோறும் 40 கிலோ மீட்டர். லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடும் வண்டியானால் மாதத்துக்கு 20 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 2,000 ரூபாய். வண்டிக் கடனின் தவணை, டயர், பழுது ஆகியவை வேறு. அவர் விரும்பியே இந்தச் செலவைச் செய்கிறார் என்று எண்ணக் கூடாது. காலை வேலைக்கு நேரத்தில் பஸ் இல்லை. இரவில் திரும்பப் பஸ் இல்லை. ஆகவே கடன்பட்டு வண்டி வாங்குகிறார். வண்டி வாங்கியவர் பஸ்ஸில் ஏறுவதில்லை. ஆள் குறைந்ததென்று பஸ்ஸும் நடை குறைகிறது. அதனால் வண்டி வாங்க இயலாதவர் நடுத்தெருவில் நிற்கிறார். அப்படி நிற்பவர் பெரும்பாலும் பெண்ணே. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது பெரிய உதவிதான். எனினும், பஸ்ஸே வராத ஊரில் கட்டணமில்லாப் பயணத்தால் என்ன பயன்?

தொலைவுக்கும் ஒரு கூலி உண்டு என்பதை நமது சட்டமே ஒப்புக்கொண்டது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், ஊரிலிருந்து 5 கிலோ மீட்டருக்கு அப்பால் வேலை கொடுத்தால் போக்குவரத்துக்காகக் கூலியில் பத்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று விதி செய்தார்கள்.

போகிறவர்களைப் பழிக்கலாமா?

‘எல்லோரும் நகருக்கு ஓடினால் நிலத்தை யார் பார்ப்பது?’ என்று நம்மில் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நடவுக் காலத்தில் ஆள் கிடைக்காமல் தவிக்கும் விவசாயியின் வருத்தம் உண்மையானது. ஆனால், ஓர் ஏக்கரும் அரை ஏக்கரும் உள்ள குடும்பத்தில் நான்கு பிள்ளைகளையும் நிலமே காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. நகரில் ஈட்டும் கூலியிலிருந்துதான் பல வீடுகளில் விதை நெல்லும் உரமும் வாங்கப்படுகின்றன. காலையில் போய் மாலையில் திரும்புகிறவர் ஊரைவிட்டு ஓடியவர் அல்லர். ஊரில் வாழ்வதற்காக உழைப்பவர். திரும்பி வர வழியில்லாதபோதுதான் அவர் நகரில் ஒரு சிறு அறையை வாடகைக்குப் பிடிக்கிறார். சில காலத்தில் மனைவி மக்களையும் அழைத்துக்கொள்கிறார். பிறகு ஊரில் ஒரு வீடு பூட்டப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் குறைகின்றன. ஏரி மராமத்துக்கு ஓர் ஆள் குறைகிறார். கடைசி பஸ் ஒன்று நின்றுபோனால் ஒரு தெருவே காலியாகக் கூடும். ஆகவே, போய்வரும் வசதியைப் பெருக்குவது கிராமத்தைக் காக்கும் வேலையேயன்றிக் கிராமத்தைக் கலைக்கும் வேலை அன்று.

சாலையும் களமும்

விவசாயப் பெருமக்களிடம் ஒரு வார்த்தை. அறுவடைக் காலத்தில் நெல்லையும் உளுந்தையும் கம்பையும் தார்ச் சாலையில் பரப்பிக் காயவைக்கும் வழக்கம் உள்ளது. ஓரத்தில் கல்லை வைத்து, இரவிலும் அப்படியே விட்டுவிடுகிறோம். கரும்பு ஏற்றிய டிராக்டர் பழுதானால் விளக்கின்றிச் சாலையிலேயே நிற்கிறது. வேலை முடிந்து களைப்புடன் மோட்டார் சைக்கிளில் திரும்புகிறவர் நமது அடுத்த வீட்டுப் பிள்ளைதான். 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். களம் இல்லாததால் சாலையில் காயவைக்கிறோம் என்பது மெய். ஆகவே பொது உலர்களம் அமைப்பதும் பயணப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்று பஞ்சாயத்து உணர வேண்டும். டிராக்டர் பெட்டிக்கும் மாட்டு வண்டிக்கும் பின்புறம் ஒளி காட்டும் சிவப்பு வில்லை ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

தலைக்கவசம் ஓட்டுபவருக்கு மட்டுமின்றிப் பின்னால் அமர்பவருக்கும் சட்டப்படி வேண்டும். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்ல அஞ்ச வேண்டுவதில்லை. நல்லெண்ணத்தோடு உதவுவோருக்கு 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. இதை ஊர்தோறும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இவையெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நம்மால் என்ன ஆகும் என்று சோர்ந்துவிட வேண்டாம். அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் பஞ்சாயத்துக்களுக்குரிய 29 பொருள்களில் சாலை, சிறுபாலம், பாலம், ஓடத்துறை முதலிய போக்குவரத்துச் சாதனங்களும் அடங்கும். நாம் செய்யக் கூடியவற்றை வரிசையாகச் சொல்வோம்.

முதலாவது, கணக்கு எடுத்தல். வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவில் வேலைக்கு வெளியே போகிறவர்கள் எத்தனை பேர், எந்த இடத்துக்கு, எத்தனை மணிக்கு, எதில், திரும்புவது எப்போது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். விவசாயக் கூலிகளையும், சந்தைக்குப் போகும் பெண்களையும் விடாமல் எழுதட்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடியக் கூடிய வேலை இது.

இரண்டாவது, தீர்மானம். ‘பஸ் வசதி வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். ‘காலை ஆறரை மணிக்கு இன்ன தொழிற்பேட்டைக்கு 40 பேர், இரவு எட்டரை மணிக்குத் திரும்ப 22 பேர்’ என்ற முறையில் எண்ணிக்கையுடன் கேட்டால் அதிகாரியும் எண்ணிக்கையுடன் பதில் கூற வேண்டியவராகிறார். எல்லை கடக்கும் தடமானால் நமது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும், புதுச்சேரிப் போக்குவரத்துத் துறைக்கும் ஒரே தீர்மானத்தின் நகலை அனுப்ப வேண்டும். எல்லைக்கு அப்பால் உள்ள பக்கத்து ஊராரும் நம்முடன் சேர்ந்து கேட்டால் இன்னும் வலு உண்டாகும். தமிழ்நாட்டில் நவம்பர் 1 உள்ளாட்சி தினமாகக் கிராம சபை கூடும் நாள். புதுச்சேரியில் அதே நாள் விடுதலை நாள். எல்லைக்கு இருபுறத்தாரும் ஒன்றுகூடிப் பேச இதனினும் பொருத்தமான நாள் வேறு இல்லை.

மூன்றாவது, வீட்டுக்கும் பெரிய சாலைக்கும் இடைப்பட்ட வழி. பஸ் பெரிய சாலையில் நிற்கிறது. அங்கிருந்து ஊருக்கு ஒரு கல், இரண்டு கல் நடக்க வேண்டும். ஒரு பெண் வேலையை விடுவது சம்பளம் போதாமையால் மட்டும் அன்று. அந்த இருண்ட ஒரு கல் தொலைவுக்கு அஞ்சியும் விடுகிறாள். தெருவிளக்கு பஞ்சாயத்தின் கடமை. அந்த வழியில் விளக்கு எரிகிறதா என்பதை மாதந்தோறும் உறுப்பினர் ஒருவர் இரவில் நடந்து பார்க்க வேண்டும். புங்க மரமும் வேப்ப மரமும் வழி நெடுக நட்டால் பிற்பகல் வெயிலிலும் நடக்கலாம். மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடத்தில் ஒரு குழாய்ப் பாலம் போதும்.

நான்காவது, நிறுத்தத்தில் ஒரு சைக்கிள் நிலையம். கூரையும் பூட்டும் உள்ள ஓர் இடம் இருந்தால், இருபது கிலோ மீட்டர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களில் பலர் இரண்டு கிலோ மீட்டர் சைக்கிளில் வந்து பஸ் ஏறுவார்கள். சிறு கட்டணத்துக்கு அதைக் குத்தகைக்கு விட்டால் பஞ்சாயத்துக்கு வருமானமும் உண்டு. பெண்கள் சைக்கிள் ஓட்டத் தயங்குவார்கள் என்று எண்ண வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல் உடைக்கும் பெண்களும், விவசாயக் கூலிகளும், அங்கன்வாடி ஊழியர்களும் அதில் இருந்தனர். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் வைத்து ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்குத் திரும்பியது.

ஐந்தாவது, போக வேண்டிய அவசியத்தைக் குறைத்தல். பால் கூட்டுறவுச் சங்கம் ஊரிலேயே பாலை எடுத்துக்கொண்டால் இருபது பேர் கேனுடன் நகருக்குப் போவதற்குப் பதில் ஒரே வண்டி போகும். காய்கறிக்கும் பூவுக்கும் அவ்வாறே செய்யலாம். ஐந்து விவசாயிகள் முறை வைத்து ஒருவர் எடுத்துச் சென்றால் நான்கு பேர் அன்று வயலில் இருக்கலாம்.

அன்பர்களே! ஒரு கிராமத்தின் செல்வம் அதன் நிலமும் நீரும் மட்டும் அல்ல. அதன் மக்களின் நேரமும் செல்வமே. ஏரியில் உடைப்பு ஏற்பட்டால் மண்வெட்டியுடன் ஓடுகிறோம். நாள்தோறும் நமது மக்களின் நேரம் சாலையோரத்தில் வீணே வழிந்தோடுவதைப் பார்த்துக்கொண்டு வாளா இருக்கலாமா? அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ‘வேலைக்குப் போய்வருவோர் வசதி’ என்ற ஒரு வரியைச் சேர்ப்போம். அந்தக் கூட்டத்துக்குள் கணக்குப் புத்தகமும் தயாராக இருக்கட்டும். மாலையில் இருட்டுமுன் வீடு திரும்பும் ஒவ்வொரு தாயும் தந்தையும் நமது பஞ்சாயத்தின் பணிக்குச் சான்றாவர்.